வெள்ளைக் கட்டைகளிலேயே ஏழு மோடுகள்: கேட்டுப் பழகுவது எப்படி?

கீபோர்டில் சி மேஜர் ஸ்கேல் வாசிக்கத் தெரியுமா? அது போதும், மோட் (ஒரே ஸ்கேலை வேறொரு ஸ்வரத்தில் தொடங்கி, அதையே ஆதாரமாக வைத்து வாசிப்பது) ஏழுக்கும் வேண்டிய ஸ்வரங்கள் அதிலேயே இருக்கின்றன.

முதலில் சி முதல் மேல் சி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். இடைவெளிகள்: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. ஈ-எஃப், பி-சி இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, அங்கேதான் அரை. இதற்கு அயோனியன் என்றும் பெயர்.

அடுத்து, அதே கட்டைகளை டி முதல் மேல் டி வரை வாசியுங்கள். இது டோரியன்.

"அதே ஸ்வரம்தானே, இதற்கு எதற்குத் தனிப் பெயர்?" என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். சும்மா ஏறி இறங்கினால் காதுக்கும் சி மேஜராகத்தான் கேட்கும். அதனால் ஆர்கன் ஒலியை வைத்து, இடது கையால் கீழ் டி-யை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மொபைலில் தம்புரா ஆப் இருந்தால் சுருதியை டி-க்கு வைத்தாலும் சரி. வலது கையில் மெதுவாக வாசித்து, ஒவ்வொரு முறையும் டி-யில் வந்து நில்லுங்கள். எஃப் வரும்போது மைனரின் சோகம் தெரியும், பி வந்ததும் அது கொஞ்சம் தெளியும். பி-க்குப் பதில் பி ஃபிளாட் (பி-க்கு இடப்பக்கக் கறுப்புக் கட்டை) வாசித்தால் சாதாரண டி மைனர். இந்த ஒரு ஸ்வரத்தை மாற்றி மாற்றிக் கேளுங்கள், டோரியன் பிடிபட்டுவிடும்.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது கிரகபேதம்தான். சங்கராபரணத்தின் ரி-யை ஸட்ஜமாக்கினால் கரகரப்பிரியா (டோரியன்), க-வில் தோடி (ஃபிரிஜியன்), ம-வில் கல்யாணி (லிடியன்), ப-வில் ஹரிகாம்போஜி (மிக்ஸோலிடியன்), த-வில் நடபைரவி (ஏயோலியன்). ஸ்வரங்கள் மட்டும்தான் ஒன்று. கமகம் (ஸ்வரத்தை அசைத்து இசைப்பது) இல்லாமல் ஈ-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளைத் தட்டிவிட்டுத் தோடி என்றால் பாட்டு வாத்தியார் அடிக்க வருவார்.

சரி, சி-யிலேயே டோரியன் வேண்டுமென்றால்? டோரியன் மேஜரின் இரண்டாவது ஸ்வரத்தில் தொடங்குவது. சி எந்த மேஜருக்கு இரண்டாவது? ஒரு முழு இடைவெளி கீழே போனால் பி ஃபிளாட். அந்த மேஜரின் ஸ்வரங்களைச் சி-யிலிருந்து வாசியுங்கள்: சி, டி, ஈ ஃபிளாட், எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட். லிடியன் நான்காவது என்பதால் சி லிடியனுக்கு ஜி மேஜர்; எஃப் ஷார்ப் மட்டும் புதிது.

பி-யில் தொடங்கும் லோக்ரியனுக்கு அவசரமே இல்லை. அதில் பஞ்சமம் (எஃப் ஷார்ப்) கிடையாது, அதைவிட அரை இடைவெளி குறைந்த எஃப்தான் இருக்கிறது. நி-யில் கிரகபேதம் செய்தால் மேளகர்த்தா (தாய் ராகம்) கிடைக்காததும் இதனால்தான். முயன்று பார்ப்பவர்கள் தம்புராவின் பஞ்சமத்தை நிறுத்திவிட்டு, வெறும் பி-யை மட்டும் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்.