‘ரெண்டு நாளைக்குத்தான்’ என்று திறக்கும் போர்ட்

போன வாரம் ஒரு சோலார் சைட்டில் கமிஷனிங், அதாவது புது பிளான்ட்டைச் சோதித்து ஓடவிடும் வேலை. புதிதாகச் சேர்ந்த பையன் ரவுட்டரில் 502-ஆம் போர்ட்டை, அதாவது இன்டர்நெட்டிலிருந்து இன்வெர்ட்டருக்குள் வரும் கதவை, வெளியே திறந்துகொண்டிருந்தான். “எதுக்கு தம்பி?” என்றேன். “டெஸ்டிங்குக்கு, ரெண்டு நாளைக்குத்தாங்கண்ணா.”

நானும் அதையே சொன்னவன்தான். பாஸ்வேர்டாக ‘1234’ வைக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விடுகிறேன். சைட்டில் நாம் செய்யும் மற்ற தப்புகள் இவை.

தற்காலிகமாகத் திறந்த போர்ட்

502-இல் பேசுவது மாட்பஸ் டிசிபி, இன்வெர்ட்டர் மாதிரி மெஷின்கள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் மொழி. அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. யார் கேட்டாலும் ரிஜிஸ்டரை (மெஷின் தன் அளவுகளையும் செட்டிங்கையும் வைத்திருக்கும் கட்டம்) காட்டும். எழுதச் சொன்னால் எழுதிக்கொள்ளும். பேனலின் டிசி கரண்டை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் உற்பத்தி வரம்பும் அப்படி ஒரு ரிஜிஸ்டர்தான்.

அவிநாசிப் பக்கம் ஒரு மில். சனிக்கிழமை ராத்திரி அவ்வளவு தூரம் வண்டி ஓட்டச் சோம்பல்பட்டு போர்ட்டைத் திறந்தேன், மறந்தேன். ஐந்து மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார்: “வெயில் பொளக்குது, யூனிட் பாதிகூட வரலீங்களே?” பேனல் அழுக்கு என்று சொல்லி இரண்டு தடவை கழுவ வைத்தேன். அப்புறம்தான் இன்வெர்ட்டர் திரையைப் பார்த்தேன்: பவர் லிமிட் 40%. பதினெட்டு நாள் உற்பத்தி போயிருந்தது. என் பில்லில் கழித்துக்கொண்டார்கள். எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது, யார் உள்ளே வந்தார்கள் என்ற பதிவு வைத்திருந்தால்தானே! அவன் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. பேனலைக் கழுவச் சொன்னேனே, அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மில்லுக்கு அது நஷ்டம். இப்படி ஆயிரம் மில் கூரைகள் ஒரே நொடியில் நின்றால், 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணைப் பிடித்து நிற்கிற கிரிட்டுக்கு ஒரு பெரிய அனல்மின் நிலையமே டிரிப் ஆன மாதிரி.

வெளியிலிருந்து பார்க்க வேண்டுமா, விபிஎன் (அனுமதி உள்ளவர் மட்டும் நுழையும் பூட்டிய இணையப் பாதை) போடுங்கள். இல்லையா, வண்டியை எடுங்கள்.

எல்லா சைட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு

வேண்டாம்.

நெட் போனால் என்ன ஆகும் என்று பார்க்காதது

2025 டிசம்பர் 29 அன்று போலந்தில் 30-க்கும் மேற்பட்ட காற்றாலை, சோலார் நிலையங்கள் சைபர் தாக்குதலுக்கு ஆளாயின. விநியோக நிறுவனத்துடன் தொடர்பு அறுந்தது, உற்பத்தி நிற்கவில்லை. உங்கள் இன்வெர்ட்டர் நிற்குமா, கடைசி உத்தரவிலேயே ஓடுமா? கமிஷனிங் அன்றே நெட் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.

கையால் போடத் தெரியாதது

2015 டிசம்பரில் உக்ரைனில் சைபர் தாக்குதலால் சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. ஊழியர்கள் சப்ஸ்டேஷனுக்கே போய் பிரேக்கரைக் கையால் போட்டதால் சில மணி நேரத்தில் கரண்ட் வந்தது. நம் சைட்டில் பேனல் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது?

அந்த மில்லில் வாட்ச்மேனிடம் இருந்தது. நான் போன அன்று அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார், சாவியோடு.