ஆளுயரப் பொம்மையை ஆள் மாதிரியே படமெடுக்க: தண்டையார்பேட்டை மாடி போர்ஷனிலிருந்து

என்னிடம் இருப்பது டிபிஇ என்ற மெத்தென்ற பொருளில் செய்த பெண் பொம்மை. துணைப் பொம்மை என்று விற்பார்கள். எடை 30 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மாடி ஏற்றியவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். முதல் இரண்டு மாதம் எடுத்த படமெல்லாம் எம்.சி. ரோடு ஜவுளிக் கடை வாசல் பொம்மை மாதிரியே வந்தது. போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு போனில் இல்லை.

முதலில் வெளிச்சம். ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், ட்யூப் லைட் இன்னொரு நிறம். இரண்டும் கலந்தால் முகத்தில் ஒரு கன்னம் நீலம் பாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை நம்பாதீர்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகும். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டினால் போதும், வெளிச்சம் பாலாக இறங்கும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. காசு கொடுத்து ரிஃப்ளெக்டர் வாங்குவது வீண் என்பது என் கட்சி.

அடுத்து பளபளப்பு. டிபிஇ எண்ணெய் கசியும், அதோடு நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தால் நெற்றி மின்னும். சோள மாவை மேக்கப் பிரஷ்ஷில் தொட்டு, பூசியது தெரியாத அளவுக்குத் தட்டுங்கள். மூக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் மினுக்கு இருக்கட்டும். வியர்க்காத மூக்கை ராயபுரத்தில் யார் பார்த்தது?

உட்கார வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேராக வைக்காமல் ஒரு தோளை இறக்கி, கழுத்தைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்; அக்குளில் கிழியும். விரலை அடிக்கடி மடக்கினால் உள்ளே இருக்கும் கம்பி வெளியே குத்திக்கொண்டு வரும்.

இனி கண். நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

கண்ணாடி முன்னால் நின்று உங்கள் கண்ணைப் பாருங்கள். கருவிழியின் மேல் விளிம்பை இமை இலேசாக மூடியிருக்கும். பொம்மைக்கு அப்படி இல்லை. என்னுடையதில் கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தது, மேலேயும் வெள்ளை. பேயைக் கண்ட முழி. தலையைக் கழற்றி, கண்ணுக்குப் பின்னால் அடைத்திருந்த பஞ்சைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து விரலால் கண்ணை ஒரு நூலளவு மேலே திருப்பினேன். கருவிழியின் மேல்நுனி இமைக்குள் போனது. அவ்வளவுதான், முகம் யோசிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா என்பதைத் தூரத்திலிருந்து போன் திரையில் பாருங்கள். கிட்டே நின்றால் ஏமாந்துபோவீர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதிலேயே போனது.

அப்புறம் கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழ வேண்டும். அது இல்லாத கண் செத்த மீன் கண், காசிமேட்டில் யாரும் வாங்க மாட்டார்கள். முகத்தை ஜன்னல் பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். கருவிழியின் மேல் ஓரத்தில் ஜன்னல் சின்னதாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள்.

படம் எடுக்கும்போது கிட்டே போகாதீர்கள், மூக்கு பெரிதாகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று போனில் 2எக்ஸ் ஜூம் வையுங்கள். பியூட்டி மோடை அணையுங்கள். ஏற்கெனவே பிசிறில்லாத தோலை அது மெழுகாக்கிவிடும். டிரைபாட் கட்டாயம். நம் ஆள் அசையப்போவதில்லை, அதனால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100, ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) 1/10 நொடி என்று தாராளமாக வைக்கலாம்.

ஒருநாள் புழுக்கம் தாங்காமல் ஃபேனைப் போட்டபடியே எடுத்துவிட்டேன். விக்கின் இரண்டு முடி மட்டும் கலங்கலாக விழுந்திருந்தது. அதுவரை எடுத்ததிலேயே உயிர் இருந்த படம் அதுதான். இப்போது ஃபேன் ஒன்றாம் நம்பரில் ஓடாமல் நான் படமே எடுப்பதில்லை.

பின்சேர்க்கை: இரவில் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அதோடு சேர்ந்து துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஹாலஜன் விளக்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள், சூட்டில் டிபிஇ இளகும்.

இன்னொன்று: புதுத் துணியைத் துவைக்காமல் மாட்டாதீர்கள். கருநீல ரவிக்கையின் சாயம் தோளில் ஏறி இன்றுவரை போகவில்லை. அதனால்தான் என் படங்களில் எப்போதும் முந்தானை இடது தோளை மூடியிருக்கிறது. ஸ்டைல் என்று நினைத்துக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.