இட்டேரியில் பாம்பைக் கண்டால்: கண்ணாடி விரியனா, மண்ணுளியா?

காங்கேயம், தாராபுரம் பக்கத்து இட்டேரிகளில் (இருபுறமும் வேலியுள்ள மண்பாதைகளில்) காலாற நடப்பவர்கள், கிளுவை வேலியோரம் தடித்துக் கிடக்கும் புள்ளிப் பாம்பை மண்ணுளி என்றோ மலைப்பாம்புக் குட்டி என்றோ எண்ணி நெருங்கிவிடுவதுண்டு; அது கொடிய நஞ்சுள்ள கண்ணாடி விரியனாகவும் இருக்கலாம் என்பதால், முதலில் பத்தடியாவது விலகி நின்றுகொள்ளுங்கள்.

பிறகு முதுகைப் பாருங்கள். கண்ணாடி விரியனுக்குச் சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசைகளில், கருநிற விளிம்புடைய நீள்வட்டப் புள்ளிகள் ஒழுங்காக அமைந்திருக்கும். புள்ளியுள்ள மண்ணுளிக்கோ அவை ஒழுங்கின்றி, ஒன்றோடொன்று இணைந்த திட்டுகளாகத் தெரியும். அதன் வாலும் குட்டையாகவே இருக்கும். விரியனின் தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும், சீண்டப்பட்டால் குக்கர் ஆவி விடுவதைப் போல உரத்துச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகள் பெரியவை, வடிவம் ஒழுங்கற்றவை. கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தின் கற்களுக்கிடையே சிறிய பாம்பொன்று உடலை மடித்து உரசி, இரம்பம் இழுப்பது போல ஒலியெழுப்பினால் அது சுருட்டை விரியன், அதுவும் நஞ்சுள்ளதே.

புழுதி படிந்தாலோ தோல் உரிக்கும் தறுவாயிலோ புள்ளிகள் மங்கிவிடும். ஐயம் சிறிதளவு இருந்தாலும் நஞ்சுள்ளதாகவே கருதுங்கள். அடையாளம் உறுதிப்பட வேண்டுமென்று குச்சியால் புரட்டிப் பார்ப்பதை நான் மிகுந்த கவலையோடு தடுப்பேன். தொலைவிலிருந்தே கைப்பேசியில் படமெடுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த இடத்தைக் கீறவோ இறுகக் கட்டவோ செய்யாமல், உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவர்கள் அறிகுறிகளைக் கொண்டே நஞ்சுமுறி மருந்து தருவார்கள் என்பதால், பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுசெல்லத் தேவையில்லை.