ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு: இனிஷியலிலிருந்து தொடங்குங்கள்

கோவையில் எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்காகச் சென்ற பருவத்தில் கட்டுரைப் பட்டியல் தொகுத்து, அவற்றின் மேற்கோள்களை, அதாவது மற்ற கட்டுரைகள் அவற்றை எத்தனை முறை சுட்டின என்பதை, எண்ணினேன். அவர் மண்ணியலில் தொடங்கி, நொய்யலில் கலந்த சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேதியியலுக்கு வந்து, இப்போது புள்ளியியலில் எழுதுகிறார். மூன்று துறைகளையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்த்து இருமுறை தவறிய பிறகு எனக்குப் பிடிபட்ட முறை இது.

முதற்படி: பெயர்

நான் இடறிய இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் என்பது தந்தை பெயரின் முதலெழுத்து. பன்னாட்டு இதழ்களின் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்காமல் விடாது. எனவே இனிஷியலோடு எழுதத் தொடங்கியவர், கடவுச்சீட்டு எடுத்த பின் தந்தையின் முழுப் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டு வேறொருவராகத் தோன்றுகிறார். போதாக்குறைக்கு, கொங்குப் பகுதியில் தெருவுக்கொரு பழனிசாமி இருக்கிறார். அந்தச் ‘சாமி’யை ஆங்கிலத்தில் டபிள்யூ சேர்த்தும் சேர்க்காமலும், ஈற்றில் ஐ போட்டும் ஒய் போட்டும் எழுதுகிறோம், இதிலேயே நான்கு வடிவங்கள் வந்துவிடுகின்றன.

ஆகவே தேடலுக்கு முன் ஆய்வாளரிடமே கேட்டு, பெயர் அச்சான வடிவங்களையும், பணியாற்றிய நிறுவனங்களையும், உடன் எழுதியவர்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதி எந்தத் தளத்தில் இருந்தாலும் அதை நிறுத்தி, ஒப்புதல் கேட்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். இதை நான் கவனிக்காமல் விட்டதால், இதயநோய் பற்றிய 11 கட்டுரைகள் எங்கள் மண்ணியலாரின் கணக்கில் ஏறி நின்றன. 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் (ORCID) என்ற அமைப்பு ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரும் 16 இலக்க அடையாள எண் இந்தக் குழப்பத்துக்காகவே வந்தது. அதைப் பெறாமல் அடுத்த கட்டுரையை அனுப்பாதீர்கள்.

இரண்டாம் படி: தரவு

என் விருப்பம், கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுத்துத் தரும் ஓப்பன்அலெக்ஸ். 2022இல் வந்த இத்தளத்துக்குச் சந்தா தேவையில்லை. ஒவ்வொரு கட்டுரையின் துறையையும் குறித்துத் தருவதோடு, பட்டியலை எக்செல்லில் திறக்கும்படி இறக்கவும் விடுகிறது. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணுவதால் அங்கே எண்ணிக்கை பொதுவாகக் கூடுதலாக இருக்கும். இரண்டு தளங்களின் எண்களை ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

மூன்றாம் படி: எச் குறியீடு

இயற்பியலர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த இக்கணக்கு எளியது: குறைந்தது 5 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 5 இருந்தால் குறியீடு 5, இப்படிப் பொருந்தும் மிகப் பெரிய எண்ணே குறியீடு. மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 40, 22, 9, 6, 5, 3. ஐந்தாம் கட்டுரைக்கு 5 இருக்கிறது. ஆறாவதற்கு 6 இல்லை. எனவே குறியீடு 5.

நான்காம் படி: துறைவாரிச் சமன்

உயிரியலில் நீண்ட மேற்கோள் பட்டியல்கள் வழக்கம், கணிதத்தில் அப்படியில்லை. ஆதலால் ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை, அதே துறையில், அதே ஆண்டில், அதே வகைக் கட்டுரைகள் பெற்ற சராசரியால் வகுக்க வேண்டும். சராசரி 4 உள்ள துறையில் 12 பெற்றது 3 ஆகும். சராசரி 30 உள்ள துறையில் 30 பெற்றது 1 ஆகும். ஒன்று என்றால் உலகச் சராசரி. ஓப்பன்அலெக்ஸும், ஸ்கோபஸ் என்ற மற்றொரு தரவுத்தளமும் இதைக் கணக்கிட்டே தருகின்றன. எங்கள் பேராசிரியர் விஷயத்தில், குறைவாக மேற்கோள் பெற்றவை என்று நான் ஓரங்கட்டிய புள்ளியியல் கட்டுரைகளே முன்னுக்கு வந்தன. துறைக்கொரு வரிசையாகக் காட்டுங்கள். இந்த விகிதத்தின் சராசரியை ஒரே கட்டுரை தூக்கிவிடும் என்பதால், இடைநிலை எண்ணையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) பக்கத்தில் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சுட்டினார்கள். ஒரே ஆய்வாளருக்கு இரு பக்கங்கள் தோன்றினால், ஓப்பன்அலெக்ஸுக்குத் திருத்தக் கோரிக்கை அனுப்பலாம். மூத்த அறிவியலாளர்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. 1912இல் தொடங்கிய கோவைக் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் 1930களில் பணியாற்றிய தாவரவியலர் ஜானகி அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் மரபியலர் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் அவர் வெளியிட்ட பயிர்க் குரோமோசோம் தொகுப்பு ஒரு நூல். அந்த நிலையம் உருவாக்கிய கரும்பு ரகங்களோ கட்டுரைகளே அல்ல. அத்தகையோருக்கு நான் குறியீட்டைப் போடுவதில்லை. பணிகளின் பட்டியலை மட்டும் ஆண்டுவாரியாகத் தருகிறேன்.