பனி உருகும் பக்கத்தில் நிறுத்துங்கள்: பிரெஞ்சுப் படக்கதைகளோடு திண்மம், திரவம், வாயு

பிரான்சில் பிள்ளை வளர்க்கும் தமிழ் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை, ஒரு பிரெஞ்சுப் படக்கதை, கொஞ்சம் ஐஸ் கட்டி, இரண்டு மூன்று சின்னத் தட்டு, இவ்வளவு போதும். நீங்கள் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை, பிரெஞ்சும் சரளமாக வர வேண்டியதில்லை. இங்கே முதலாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 'கெஸ்தியோனே லு மோந்த்' என்றொரு பாடம் இருக்கிறது, உலகத்தைக் கேள்வி கேட்பது என்று பொருள். 2016-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்திலேயே பொருளின் மூன்று நிலைகளும், தண்ணீர் ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறுவதும் அதில் இடம்பெற்றிருந்தன. ஆகவே பள்ளியில் எப்படியும் படித்துவிடுவார்கள். ஆனால் என் மகள் அதையெல்லாம் பிரெஞ்சில் கடகடவென்று சொல்லுவாள், தமிழில் கேட்டால் "ஐஸ் தண்ணியாப் போச்சு" என்பதோடு நின்றுவிடுவாள். அதனால்தான் வீட்டில் இதைத் தொடங்கினேன். புத்தகம் பிரெஞ்சில் இருக்கட்டும், பேச்சு தமிழில் நடக்கட்டும், கை ஐஸில் இருக்கட்டும்.

முதலில் புத்தகம்

காசு கொடுத்து வாங்க வேண்டாம். பக்கத்து மெதியாதெக்குக்கு, அதாவது ஊர் நூலகத்துக்கு, போனால் சிறுவர் பகுதியில் இரண்டு வகை இருக்கும். கதைப் புத்தகங்களை 'அல்போம்' என்பார்கள், தகவல் புத்தகங்களை 'தொக்குமான்தேர்'. தகவல் புத்தகம் வேண்டுமென்றால் 530, 551 எண்கள் போட்ட தட்டுகளில் தேடுங்கள், இயற்பியலும் மழை மேகமும் அங்கேதான். ஆனால் தொடங்குவதற்கு நான் கதைப் புத்தகத்தைத்தான் சொல்வேன். தகவல் புத்தகம் விடையை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும், கதை அடுத்த பக்கம் வரை காக்க வைக்கும்.

எப்படிப்பட்ட கதை? பனிமனிதன் வருகிற கதை குளிர்காலத்தில் எந்த நூலகத்திலும் குவிந்து கிடக்கும், அதில் ஒன்று. நீர்த்துளி பயணம் போகிற கதை இன்னொன்று. மாரி கொல்மோன் எழுதிய 'பெர்லெத்' அப்படிப்பட்டது, பெர் காஸ்தோர் வரிசையில் வந்தது, மேகத்திலிருந்து விழுந்த துளி ஆற்றோடு கடலுக்குப் போய் மறுபடி மேலே ஏறுகிறது. போல் ஃபோஷே 1931-இல் தொடங்கிய அந்த வரிசையின் பழைய பிரதிகள் தெருவோரப் பழைய சாமான் சந்தைகளிலும் கிடைக்கும். தகவல் புத்தகமே எடுப்பதென்றால், கலிமார் 1989-இல் தொடங்கிய 'மே பிரமியேர் தேக்குவேர்த்' வரிசை எனக்குப் பிடித்தது. நடுவில் கண்ணாடி போன்ற தாள் ஒன்று வரும், இந்தப் பக்கம் போட்டால் ஒரு படம், அந்தப் பக்கம் திருப்பினால் வேறு படம். ஒரு பொருள் மாறுவதைக் காட்ட இதைவிட நல்ல வசதி வேறில்லை.

நீங்கள் தனியாக ஒரு தரம் படியுங்கள்

பிள்ளை தூங்கிய பிறகு. ஏதாவது உருகுகிற, உறைகிற, காய்கிற, ஆவியாகிற ஒவ்வொரு இடத்திலும், அதற்கு *முந்தின* பக்கத்தில் ஒட்டுச்சீட்டு ஒன்று வையுங்கள். நாம் நிறுத்தப்போகும் இடம் அது. பிரெஞ்சுக் கதைப் புத்தகங்களில் பேச்சில் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய இறந்தகாலம் வரும், வேலையிடத்துப் பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்களுக்கு அது புரியாமல் போகலாம். அதற்காகத் தயங்காதீர்கள், படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போங்கள்.

அப்புறம் பிள்ளையோடு முதல் வாசிப்பு. கேள்வியே கேட்காதீர்கள். கதை கதையாகவே முடியட்டும். இதில் அவசரப்பட்டால் அடுத்த தரம் அந்தப் புத்தகத்தைத் தூக்கினாலே ஓடிவிடுவார்கள்.

இரண்டாம் வாசிப்பு: பனிமனிதனுக்குக் கோட்டு

இதுதான் முக்கியமான இடம். மறுநாள் அதே புத்தகத்தை எடுத்து, ஒட்டுச்சீட்டு வைத்த பக்கத்தில் நிறுத்துங்கள். எங்கள் புத்தகத்தில் பிள்ளைகள் பனிமனிதனுக்கு ஸ்கார்ஃப் கட்டுகிற பக்கம் அது. "இவருக்குக் கம்பளிக் கோட்டும் போட்டுவிட்டால் சீக்கிரம் உருகுவாரா, மெதுவாக உருகுவாரா?" என்று கேட்டேன். மகள் யோசிக்கவே இல்லை. "கோட் போட்டால் அவருக்குச் சூடு வரும்தானே அம்மா, கெதியா உருகிடுவார்."

சரி, பார்ப்போம் என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகளை இரண்டு சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டினோம். ஒன்றை அவளுடைய தடித்த கம்பளிக் காலுறைக்குள் நுழைத்தோம், மற்றதை அப்படியே தட்டில் விட்டோம். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம். அதற்குள் அவள் நாலு தரம் வந்து காலுறையைத் தொட்டுப் பார்த்தாள். நேரமானதும் பிரித்தால், வெளியே இருந்த பை முக்கால்வாசி தண்ணீர், காலுறைக்குள் இருந்த கட்டி முனை மழுங்கி இன்னும் கெட்டியாகவே கிடந்தது. அவள் காலுறைக்குள் கையை விட்டு "உள்ள குளிராத்தான் இருக்கு" என்றாள், நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை, சூடு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவதைத் தாமதப்படுத்துகிறது. நமக்கு உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாது, ஐஸுக்கு வெளியிலிருக்கும் சூட்டை உள்ளே விடாது. இதை அவள் கையில் உணர்ந்த பிறகுதான் வார்த்தையில் சொன்னேன்.

பிள்ளை சொன்னது தவறு என்று முன்கூட்டியே காட்டிவிடாதீர்கள். அவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் அப்படியே எழுதி, கீழே நடந்ததைப் படமாக வரையச் சொல்லுங்கள். பிரெஞ்சுப் பள்ளிகளில் இந்தப் பழக்கம் பரவக் காரணம் 'லா மான் ஆ லா பாத்' என்ற இயக்கம். 1992-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஷார்பாக், பியேர் லேனா, ஈவ் கேரே ஆகியோருடன் சேர்ந்து 1996-இல் தொடங்கியது. பெயரின் பொருளே மாவில் கை வைப்பது.

வார்த்தைகளுக்கு ஒரு மாலை

இரண்டு மொழி வீட்டுக்கு மட்டும் கிடைக்கிற வாய்ப்பு இது, விட்டுவிடாதீர்கள். தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது பாருங்கள்: பனித்துளி, பனிமூட்டம், பனிக்கட்டி, பனிப்பொழிவு. பிரெஞ்சில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்: ரோசே, ப்ருயார், கிளாஸ், நேஜ். புத்தகப் படங்களைக் காட்டி "இது எந்தப் பனி?" என்று கேளுங்கள். துளி என்றால் திரவம், கட்டி என்றால் திண்மம், சொல்லின் பின்பாதியே நிலையைச் சொல்லிவிடுகிறது. மூட்டம் எது என்று கேட்டால் பிள்ளைகள் வாயு என்பார்கள், அது மிக நுண்ணிய நீர்த்துளிகள், அதுவும் திரவம்தான்.

இன்னொன்று. காபியில் போட்ட சர்க்கரைக்கும் வெயிலில் வைத்த வெண்ணெய்க்கும் பிரெஞ்சுப் பேச்சில் 'ஃபோந்த்ர்' என்ற ஒரே வினையைச் சொல்லிவிடுவார்கள். தமிழில் சர்க்கரை கரையும், வெண்ணெய் உருகும். ஐஸ் கரைந்துவிட்டது என்று நாமும் சொல்கிறோம்தான், ஆனாலும் இந்த இரண்டு சொல்லையும் பிரித்துப் பழக்கிவிட்டால் பின்னால் வகுப்பில் வரும் ஒரு பெரிய குழப்பம் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். கரைய இன்னொரு பொருள் வேண்டும், உருகச் சூடு வேண்டும்.

ஆவி: படம் தவறாகக் காட்டுகிற இடம்

பல படக்கதைகளில் நீராவியை வெள்ளைப் புகை மாதிரி வரைந்திருப்பார்கள். ஓவியருக்கு வேறு வழியில்லை, கண்ணுக்குத் தெரியாததை எப்படி வரைவது? ஆனால் பிள்ளையிடம் இதைத் திருத்தியே ஆக வேண்டும். கெட்டில் கொதிக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் நின்று, தள்ளியிருந்தே வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். வாய்க்கு ஒட்டினாற்போல் ஒரு சின்ன இடம் வெறுமையாகத் தெரியும், அதற்கு அப்பால்தான் வெள்ளை தொடங்கும். அந்த வெறுமையான இடத்தில் இருப்பதுதான் நீராவி, அதுதான் வாயு. வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து மறுபடி துளியாகிவிட்ட தண்ணீர்.

துளி கதையில் சூரியன் துளியை மேலே தூக்குகிற பக்கத்துக்கு முன் நிறுத்தி, ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கத்தைத் திருப்பவே கூடாது, அது வற்றும்வரை கதையும் நிற்கட்டும். காத்திருக்கிற நாளில் செய்ய ஒன்று: ஒரு போத்தலில் தண்ணீரோடு பச்சைப் புதினா சிரோ (இனிப்புப் பாகு) கலந்து, மூடி, ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெளியே போத்தல் வியர்க்கும். "உள்ளே இருந்து ஒழுகுது" என்பார்கள். வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தால் பச்சை இல்லை. அப்படியென்றால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவர்களே அறையைச் சுற்றிப் பார்ப்பார்கள். குளிர் நாளில் பஸ் ஜன்னலில் ஊதி விரலால் படம் போடுவார்களே, கண்ணாடியில் படியும் அந்த நீர்ப்படலமும், பிரெஞ்சில் 'புயே', இதேதான்.

கடைசியில் சொந்தப் புத்தகம்

ஒரு நீளக் காகிதத்தை விசிறி மாதிரி நான்காக மடியுங்கள்: ஐஸ், தண்ணீர், ஆவி, மறுபடி துளி. கீழே பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. ஆவிப் பக்கத்துக்கு என் மகள் தட்டையும் அதில் போட்ட பேனாக் கோட்டையும் மட்டும் வரைந்து, மேலே ஒன்றும் வரையாமல் விட்டாள். ஏன் என்று கேட்டேன், "இருக்கு, தெரியாது" என்றாள்.

சில இடைஞ்சல்கள் வரும். மணலும் மாவும் ஊற்றினால் ஓடுகிறதே, திரவமா என்று கேட்பார்கள். பூதக்கண்ணாடி கொடுங்கள், ஒவ்வொரு மணியும் தன் வடிவத்தை விடாமல் இருப்பது தெரியும். பிரெஞ்சில் 'சொலீத்' என்றால் உறுதியானது என்றும் பொருள், அதனால் பஞ்சு திண்மம் இல்லை என்று அடம்பிடிப்பார்கள், மென்மையாக இருந்தாலும் திண்மம்தான் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

அடுத்த சுற்றுக்குக் கேக் செய்கிற கதை ஒன்றை எடுக்கலாம். சாக்லேட்டும் வெண்ணெயும் உருகிக் குளிர்ந்தால் மறுபடி கெட்டியாகும், அதுவரை நம் பாடத்துக்குள் அடங்கும். முட்டை வருகிற பக்கத்தில் மட்டும் கவனம்: வெந்த முட்டை கெட்டியாகிறது, ஆனால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் மறுபடி திரவமாகாது, அது வேறு கதை. ஒரு பச்சை முட்டையையும் ஒரு அவித்த முட்டையையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் உடைத்துக் காட்டிவிட்டு, அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.