இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவா? வாயைத் திறந்து யோசியுங்கள்

பெரிய டெக் கம்பெனிகளில் பெரும்பாலும் முதலில் ஆன்லைன் கோடிங் டெஸ்ட், அதைத் தாண்டினால் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஓடும் இன்டர்வியூ ஒன்றிரண்டு. டெஸ்ட்டைத் திருத்துவது மெஷின், அதற்கு விடை சரியாக வந்தால் போதும். இன்டர்வியூவில் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். இது உறைக்காமல்தான் என் முதல் இன்டர்வியூவைக் கோட்டை விட்டேன். கேள்வியைப் படித்துவிட்டு பத்து நிமிடம் மூச்சு விடாமல் யோசித்தேன், விடையும் கிடைத்தது, ஆனால் அந்த மனுஷனுக்கு என்னைப் பற்றிக் குறித்து வைக்க ஒன்றுமே இல்லை.

சரி, என்ன பேசுவது? ஒரு அரேயில் (எண்களின் பட்டியலில்) எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் கொடுத்த தொகை வரும் என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். உடனே டைப் அடிக்காதீர்கள். எண்கள் வரிசையாக இருக்குமா, ஒரே எண் இரண்டு முறை வருமா, விடையே இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தர வேண்டும், அரே எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் வழியைக் காட்டும். 1 லட்சம் எண்கள் என்றால், இரண்டு லூப் போட்டு எல்லா ஜோடியையும் பார்க்க கிட்டத்தட்ட 500 கோடி ஜோடிகள். அதை அப்படியே சொல்லுங்கள், மெதுவான வழியைச் சொல்வதில் வெட்கமே வேண்டாம். அப்புறம் ஹாஷ் மேப்புக்குப் போங்கள், அதாவது போட்டு வைத்தது இருக்கிறதா என்று சட்டென்று தேடித் தரும் அமைப்பு: பார்த்த எண்களை அதில் போட்டுக்கொண்டே, ஒவ்வொரு எண்ணுக்கும் வேண்டிய ஜோடி அதில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே போனால் ஒரே சுற்றில் முடிந்துவிடும், மெமரி மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

எழுதியதும் "முடிந்தது" என்று கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். பல இன்டர்வியூக்களில் ரன் பட்டனே இருக்காது, நீங்கள்தான் வரி வரியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அரேயில் 3, 5 மட்டும், தொகை 6 என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணை முதலில் மேப்பில் போட்டுவிட்டு ஜோடியைத் தேடினால், 3 தன்னையே ஜோடி சேர்த்துக்கொள்ளும்! முதலில் தேடல், பிறகுதான் போடுவது. இந்த பக்கை (கோடில் உள்ள தவறை) இன்டர்வியூ எடுப்பவர் சொல்வதற்கு முன் நீங்களே பிடித்தால், பிழையே இல்லாமல் எழுதியதற்கு ஈடான மதிப்பு அதற்கும் உண்டு என்பது என் எண்ணம்.

அவர் ஹின்ட் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் வழிதான் சரி என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

படிக்க வேண்டியவை: அரே, ஸ்ட்ரிங், ஹாஷ் மேப், ஸ்டாக், க்யூ, ட்ரீ, கிராஃப், ரிகர்ஷன். சிஸ்டம் டிசைனை (ஒரு பெரிய மென்பொருளை முழுதாக எப்படி அமைப்பது என்பதை) இன்டர்ன்களிடம் பொதுவாகக் கேட்பதில்லை. கை பழகிய மொழியிலேயே எழுதுங்கள், இன்டர்வியூவுக்காக ஒரு மாதத்தில் புது மொழி கற்பது வீண் வேலை. நூற்றுக்கணக்கில் கணக்குகளை மனப்பாடம் செய்வதைவிட, வாரத்துக்கு இரண்டு கணக்கையாவது ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து, பேசிக்கொண்டே போடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள், கேட்கவே கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

கோடிங் இல்லாத கேள்விகளும் வரும். அமேசான் தன்னுடைய 16 தலைமைப் பண்புகளை இணையத்திலேயே போட்டிருக்கிறது, அங்கே போகிறவர்கள் அதைப் படிக்காமல் போகக் கூடாது. எங்கே போனாலும், ரெஸ்யூமேயில் போட்ட ப்ராஜெக்டில் நீங்கள் எழுதிய பகுதி எது, எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லத் தெரிய வேண்டும். "நாங்கள் செய்தோம்" என்றே போனால், "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி வந்தே தீரும்.

கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். போன முறை வந்த இன்டர்ன் என்ன வேலை செய்தார், அவர் எழுதிய கோட் இன்னும் ஓடுகிறதா என்று கேளுங்கள்.