எல்லோரும் அங்கிள்தான்: சண்டே ஸ்கூல் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து, பின்கட்டில் பிரியாணிச் சட்டி இறங்கிக்கொண்டிருந்தது. என் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். எண்ணிப் பார்த்தால் ஏழு. கழிவறை, மேடைக்குப் பின்னால், பக்கத்து வீட்டு வாசல் என்று இருபது நிமிடம் தேடினோம். பையனின் ஆயா (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு பிக்கப் வண்டி உள்ளே வந்து நின்றது. சிப்ஸ் பாக்கெட்டோடு பையன் இறங்கினான். "பசிக்குதுன்னான், டீ ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன்" என்றார் வண்டியோட்டி வந்த அங்கிள். தெருமுனைக் கடைக்கு இந்த ஊரில் டீ ரூம் என்று பெயர்.

அவர் நல்ல மனிதர். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கூப்பிட்டதும் பையன் ஏறிப் போய்விட்டான், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏன் போகமாட்டான்? டர்பன் பக்கத்து இந்தியச் சபைகளில் ஆண்கள் எல்லோரும் அங்கிள், பெண்கள் எல்லோரும் ஆன்ட்டி. 'முன்பின் தெரியாதவரோடு போகாதே' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சபைக்குள் அப்படி ஒருவருமே இல்லையே.

தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள் நான். அந்த வாரத்திலிருந்து தட்டுத்தடுமாறிக் கற்றதை, என்னைப் போல இங்கே வந்து சண்டே ஸ்கூலில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், காலியான கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்

ஒரு சனிக்கிழமை, கையில் நோட்டுடன், ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். எந்தக் கதவை உள்ளே தாழிட முடியும்? எந்த அறைக்குச் சன்னல் இல்லை? சவுண்ட் சிஸ்டம் வைக்கும் அறைச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? எங்கள் சபையில் ஐந்து பேரிடம் இருந்தது, அதில் ஒருவர் சபையை விட்டுப் போயே இரண்டு வருடம்.

வகுப்பறைக் கதவில் கண்ணாடி வைப்பதுதான் மலிவான வேலை. எங்கள் தச்சர் கதவின் நடுவில் சாண் அகலத்துக்கு ஒரு சதுரம் அறுத்துக் கண்ணாடி பதித்தார், ஒரு மதியத்தில் முடிந்தது. அடுத்த வாரமே யாரோ அதன்மேல் 'இயேசு உன்னை நேசிக்கிறார்' ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். அதை உரித்து எடுத்தது நான்தான்.

கழிவறை வெளியே தனியாக இருந்தால் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப் போங்கள், பெரியவர் வெளிக்கதவருகே நிற்கட்டும். கரன்ட் போனால் எல்லா வகுப்பும் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதையும் இன்றே முடிவு செய்துவிடுங்கள். லோட் ஷெடிங் நாட்களில் நாங்கள் பட்டது போதும்.

அப்புறம், இரண்டு பேர் விதி

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. வகுப்புக்கு இரண்டு பேர், முடிந்தால் ஒரே வீட்டைச் சேராதவர்கள். தனி ஜெபம் என்றால் ஹாலின் ஓரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி. காரில் ஏற்றிப் போனால் இரண்டு பெரியவர்கள். முடியாவிட்டால் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள்.

"என்னையா சந்தேகப்படுறீங்க?" என்று கேட்பார்கள். அந்த அங்கிளும் கேட்டார். யாரையும் சந்தேகப்படவில்லை, பாஸ்டருக்கும் இதே விதிதான் என்றேன். அன்று அது பொய். அதற்குப் பிறகுதான் பாஸ்டரிடம் போய் அதை மெய்யாக்கினேன்.

இன்னொன்று, அடி. ஊரில் ஓய்வுநாள் பள்ளியில் பிரம்படி வாங்கியவர்கள் நாம், அதனால் கை தானாக உயரும். இங்கே பள்ளிகளில் அடிப்பது 1996-லேயே தடையாகிவிட்டது. பெற்றோர் 'கண்டிப்புக்காக அடித்தேன்' என்று சட்டத்தின் முன் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. பெற்றவருக்கே இல்லாத உரிமை சண்டே ஸ்கூல் டீச்சருக்கு எங்கிருந்து வரும்?

ஆளைத் தேர்ந்தெடுப்பது

ஆள் கிடைப்பதே கஷ்டம் என்பது தெரியும். யாராவது 'நான் வருகிறேன் சிஸ்டர்' என்றதும் காலில் விழத் தோன்றும். ஆனாலும், சபைக்கு வந்து ஆறு மாதமாவது ஆகாதவருக்குப் பிள்ளைகளைக் கொடுக்காதீர்கள், சாட்சி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் சரி. முன்பு இருந்த சபையின் போதகருக்கு நீங்களே போன் செய்யுங்கள். கடிதத்தை நம்பாதீர்கள், குரலில் வரும் தயக்கம் கடிதத்தில் வராது.

போலீஸ் கிளியரன்ஸ் மட்டும் வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். இந்த நாட்டில் அதைத் தவிர இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. ஒன்று, சமூக மேம்பாட்டுத் துறையிடம் இருக்கும் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேடு. அதன் 'பி' பகுதியில்தான் பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லாதவர்களின் பெயர் இருக்கும். மற்றது, நீதி அமைச்சகம் வைத்திருக்கும் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பதில் வரத் தாமதமாகும். அதுவரை அவர் நாற்காலி அடுக்கட்டும், காபி ஊற்றட்டும்.

கையெழுத்து நோட்டு, போன்

பிள்ளையை விடுபவர் கையெழுத்து, கூட்டிப் போகிறவர் பெயர், நேரம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தாய் தகப்பன் பிரிந்திருக்கும் வீடுகளில் யார் கூட்டிப் போகலாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டீ ரூம் அங்கிள்தான் இப்போது எங்கள் நோட்டுக்குக் காவல். போன மாதம் பாஸ்டரின் மனைவியையே கையெழுத்துப் போடாமல் வாசல் தாண்ட விடவில்லை.

வாட்ஸ்அப்பில் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில்தான். கிறிஸ்துமஸ் நாடகப் படங்களைப் போடும் முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தனிப்பட்ட விவரப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கண்டிப்பானது.

பெரியவர்களையும் மறக்காதீர்கள்

விதிகளை எழுத உட்காரும் வரை பல சபைகளுக்கு இவர்கள் நினைவு வராது. நினைவு தப்பும் தாத்தா, மனவளர்ச்சி குன்றிய முப்பது வயதுத் தம்பி, பக்கவாதம் வந்து பேச முடியாத அக்கா: இவர்களும் 'எல்லோரும் அங்கிள்' உலகத்தில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

இங்கே அதிகம் கண்ணில் படாமல் நடப்பது பணத்தில். அறுபது வயதானவர்களுக்கு, வருமானம் குறைவாக இருந்தால், சாசா என்ற அரசு நிறுவனம் மூலம் உதவித்தொகை வருகிறது. 'ஆயாவுக்குக் கியூவில் நிற்க முடியாதே' என்று அன்பாக ஒருவர் அட்டையையும் பின் நம்பரையும் வாங்கிக்கொள்வார். ஒரு வருடம் கழித்து ஆயாவுக்கு எவ்வளவு வருகிறது என்பது ஆயாவுக்கே தெரியாது. 2006-ஆம் வருட முதியோர் சட்டத்தின்படி இதுவும் கொடுமைதான். எங்கள் விதி சின்னது: சபை ஊழியர் யாரும் யாருடைய அட்டையையும் வைத்திருக்கக் கூடாது. கூட்டிப் போகலாம், பக்கத்தில் நிற்கலாம். நம்பரை அழுத்துவது ஆயாவின் விரல்.

வீட்டு ஜெபத்துக்கும் இரண்டு பேராகப் போங்கள். தலையில் கை வைக்கும் முன் கேளுங்கள். பேச முடியாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் பதில்தான்.

ஒரு பிள்ளை வாய் திறந்தால்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பெரும்பாலும் பிள்ளை நேராகச் சொல்லாது. படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டே, "அங்கே போக எனக்குப் பிடிக்கலை ஆன்ட்டி" என்று தொடங்கும். நீங்கள் செய்ய வேண்டியது முகத்தை மாற்றாமல் கேட்பது. "யார்? எங்கே தொட்டார்? இப்படியா செய்தார்?" என்று குடையாதீர்கள்; நீங்கள் போட்டுக்கொடுக்கும் வார்த்தை பின்னால் வழக்கையே கெடுக்கும். "சொன்னது நல்லது. உன்மேல் தப்பில்லை" என்றால் போதும்.

"யாரிடமும் சொல்லமாட்டீங்கதானே?" என்று கேட்டால், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்யக்கூடிய ஆட்களிடம் மட்டும் சொல்லுவேன்" என்பதுதான் உண்மை.

பிள்ளை போனதும் எழுதுங்கள். தேதி, நேரம், அது சொன்ன அதே வார்த்தைகள். ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலத்திலேயே, தமிழாக்காமல்.

அதன் பின் அறிக்கை. பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் உடனே போலீசிடம் சொல்வது யாராக இருந்தாலும் கடமை. மறைத்தால் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது 2007-ஆம் வருடப் பாலியல் குற்றச் சட்டம். 2005-ஆம் வருடக் குழந்தைகள் சட்டத்தின் 110-வது பிரிவு, கட்டாயம் தெரிவிக்க வேண்டியவர்கள் பட்டியலில் மதப் போதகர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. நிரூபிப்பது உங்கள் வேலையும் அல்ல.

அவசரத்துக்கு போலீஸ் 10111. பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்டுலைன் 116, கட்டணம் இல்லை. அண்மையில் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், துணி துவைக்காமல் துதுஸேலா மையத்துக்கு (பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான மையம்) கூட்டிப் போங்கள். மருத்துவம், போலீஸ், ஆலோசனை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எனவே 'திங்கட்கிழமை கமிட்டியில் பேசுவோம்' என்பதற்கு இடமே இல்லை.

அந்தக் கமிட்டி கட்டாயம் கூடப் பார்க்கும். மூப்பர் ஒருவர் வேத வசனத்தோடு வருவார், "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம், குடும்ப மானம் போயிடும்" என்பார். அவரோடு வாதம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள், போனை எடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய் விசாரிக்கவும் வேண்டாம்; அது அவருக்குக் கொடுக்கும் முன்னெச்சரிக்கை.

கடைசியாக ஒரு கஷ்டமான கேள்வி

பிள்ளைக்குத் தீங்கு செய்து, தண்டனை முடிந்து வந்தவர் ஆராதனைக்கு வரலாமா? என் கருத்தில் வரலாம், எழுத்தில் ஒப்பந்தத்தோடு. எந்த ஆராதனை, எங்கே உட்காருவார், கூட யார் இருப்பார், எந்தக் கழிவறை என்பது வரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர்மேல் நீதிமன்றமோ பரோல் அதிகாரியோ போட்ட நிபந்தனை இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள். அவர் தீங்கு செய்த பிள்ளை உங்கள் சபையில் இருந்தால் அவர் வேறு சபை தேடட்டும், எவ்வளவு மனம் திரும்பியிருந்தாலும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறவரின் வீட்டுக்கே பாஸ்டர் போய் ஜெபிக்கலாம், இரண்டு பேராக.